புகை போகும் வழி

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கத் தொடங்கினால், தென்காசி மக்களின் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் அந்தச் சாரற்காலத்தை நாடி எங்கெங்கிருந்தோ மக்கள் குற்றாலத்திற்கு வருவர். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று நாளுக்கோர் அருவியில் நீராடுவர். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு திரும்புவர். உடன்பிறந்தோர் மூவராகிய நாங்களும் அப்படி வருபவர்களே. பிழைப்பின் பொருட்டு ஒருவர் சென்னையிலும், ஒருவர் கோவையிலும், ஒருவர் தூத்துக்குடியிலுமாகப் பிரிந்து வாழ்கிறோம். ஆண்டுக்கொரு முறை சாரலுக்கு மட்டும் தென்காசியிலுள்ள பிறந்த வீட்டில் ஒன்றுகூடுவோம். தந்தை மறைந்த பின்பு அந்த வீட்டில் அம்மா மட்டுமே இருக்கிறார்.

நாங்கள் வரும்போது தனியே வருவதில்லை. பிள்ளைகள், சம்பந்திகள், சில ஆண்டுகளில் அலுவலக நண்பர்கள் என்று இருபது பேர் வரை சேர்ந்துவிடுவோம். அத்தனை பேருக்கும் சோறு வடிக்கும் பெரிய பானை எரிவாயு அடுப்பில் நிற்காது. அருவியில் நனைந்து நடுங்கி வரும் குழந்தைகளுக்கு அண்டா நிறைய வெந்நீர் வேண்டும். தோட்டத்துத் தென்னைமட்டையும் பாளையும் சிரட்டையும் செலவின்றிக் கிடைக்கின்றன. எனவே அந்தப் பத்து நாளும் அம்மா விறகடுப்பை விட்டு நகர்வதில்லை. சாரலில் ஈரமேறிய விறகை ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து நிற்பார். நாங்கள் அருவியின் கீழே நின்றோம். அவர் புகையின் முன்னே நின்றார். இந்த இரண்டு காட்சிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களுக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

அந்த வீட்டை எங்கள் தந்தை 1961-இல் கட்டினார். அடுக்களையின் மேற்குச் சுவரோரம் விறகடுப்பு இருக்கிறது. பெரிய அடுப்பு இரண்டு, நடுவே கொடியடுப்பு ஒன்று. அவற்றின் மேல் புகையை வாங்கிக்கொள்ள ஒரு கவிந்த மாடம். அதிலிருந்து சுவருக்குள்ளேயே ஒன்பது அங்குலச் சதுரமாக ஒரு புழை மேலேறி, ஓட்டுக்கூரையைத் தாண்டிச் செங்கற் கூண்டாக வெளியே தலைநீட்டும். புகைக்கூண்டு என்று நாங்கள் சொல்வது இதனைத்தான். அந்தச் சுவரின் மறுபுறம் உள்ளறை. சாரற்காலத்தில் சுவர் இளஞ்சூடாக இருக்குமென்பதால் குழந்தைகளை அங்கே படுக்க வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நாங்களும் அவ்வறையில் படுத்து வளர்ந்தவர்களே.

புகைக்கூண்டு வேலை செய்யும் விதம் எளிமையானது. சூடான காற்று எடை குறைந்தது. ஆகவே அது மேலேறும். அது மேலேற ஏற, கீழே அடுப்பின் வாய் வழியாகப் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். கூண்டு எவ்வளவு உயரமோ, அதன் உட்புறம் எவ்வளவு சூடோ, அவ்வளவுக்கு இழுப்பும் வலுக்கும். இடையில் எங்கேனும் விரிசல் விழுந்தால் குளிர்காற்று உள்ளே புகுந்து புகையைக் குளிரச் செய்யும், இழுப்புத் தளரும். காற்று எதிர்த்து வீசும் நேரத்தில் அதே விரிசல் வழியாகப் புகை வீட்டுக்குள் வரும். இதனைத் தடுப்பதற்காகவே புழையின் உட்புறம் முழுவதும் ஓர் உட்பூச்சு பூசுவர். மேல்நாடுகளில் முற்காலத்தில் சுண்ணாம்புச் சாந்தோடு சாணம் கலந்து பூசினர். பிற்காலத்தில் சுடுமண் குழாய்களை உள்ளே அடுக்கினர். செங்கல்லுக்கும் புகைக்கும் இடையே நிற்கும் அந்த மெல்லிய காப்பு வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் படாது. படாததனால் அது நினைவிலும் நிற்பதில்லை.

உள்ளறைச் சுவரில், இடுப்பு உயரத்திற்கு மேலே, பழுப்பு நிறக் கறை ஒன்று பல ஆண்டுகளாகவே இருந்து வந்தது. டிசம்பர் தோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்போம். கறை மறையும். அடுத்த சாரலில் மீண்டும் தோன்றும், முந்தின ஆண்டைவிடச் சற்றே அகலமாக. ஓட்டிலிருந்து மழைநீர் இறங்குகிறது என்று நினைத்து ஓடு மாற்றினோம். கறையின் நடுவே மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தபோது, வெளியிலிருந்தே சிமெண்டுப் பால் தடவி அதன்மேல் வண்ணம் பூசினோம். அது மழைநீரன்று. ஈரவிறகின் புகை குளிர்ந்த சுவரில் படிந்து தார் போன்ற பிசினாகிறது; உட்பூச்சு உதிர்ந்த இடத்தில் அது செங்கல்லின் நுண்துளைகளில் ஊறி மறுபுறம் கசிகிறது. வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றிய மறையுரையைத் தவக்காலந்தோறும் கேட்டவர்கள்தாம் நாங்கள். ஆயினும் எங்கள் வீட்டிலேயே அப்படியொரு சுவர் நிற்பதைக் கண்டுகொள்ளவில்லை.

அம்மாவின் இருமலும் அந்தக் கறையைப் போன்றதே. சாரலோடு வரும், வெயில் வந்தால் சற்றுத் தணியும். "சாரல் இருமல்தான் ஐயா. ஆவணி வந்தா போயிரும்" என்பார். நாங்களும் மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவோம். ஆவணியில் அது போயிற்றா என்று தொலைபேசியில் கேட்டதாக எங்களில் எவருக்கும் நினைவில்லை.

2024-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் அருவிகளில் வெள்ளம் பெருகியதால் குளிக்கத் தடை விதித்திருந்தனர். அதனால் விடியற்காலையில் எவரும் வெளியே கிளம்பவில்லை. அம்மா மட்டும் வழக்கம்போல் நாலரை மணிக்கே எழுந்து வெந்நீருக்கு அடுப்பு மூட்டியிருந்தார். வெளியே ஊதற்காற்று, உள்ளறையின் சன்னல்கள் சாத்தியிருந்தன. ஆறு மணியளவில் அங்கே படுத்திருந்த எங்கள் வீட்டுச் சிறுமி தலை வலிக்கிறதென்று அழுதாள். எழுந்து நின்றவள் வாந்தியெடுத்துத் தள்ளாடி விழுந்தாள். அருகில் படுத்திருந்த இரு பிள்ளைகளுக்கும் தலைவலி. முந்தின இரவு வெளியே உண்ட கறிச்சோற்றின் மேல் பழி போட்டோம். சீரகம் கொதித்த நீர் கொடுத்தோம். அதே சோற்றை உண்டு கூடத்தில் படுத்த ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பது அந்தப் பதற்றத்தில் எங்களுக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனையில் அவள் விரலில் மாட்டிய கருவி, இரத்தத்தில் பிராணவாயு சரியான அளவிலேயே இருப்பதாகக் காட்டியது. ஆனால் பணியிலிருந்த இளம் மருத்துவர் அதனோடு நிற்கவில்லை. "குழந்தை படுத்திருந்த அறையில் ஏதாவது எரிகிறதா?" என்று கேட்டார். அறையில் இல்லை, சுவருக்கு அப்பால் அடுப்பு எரிகிறது என்றோம். அவர் உடனே சிறுமிக்கு முகமூடி வழியாகப் பிராணவாயு செலுத்தினார்; மற்றப் பிள்ளைகளையும் அழைத்து வரச் சொன்னார். விறகோ கரியோ முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள சிவப்பணுப் பொருளோடு அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரற்கருவி அப்படிப்பட்ட இரத்தத்தையும் நல்ல இரத்தமென்றே எண்ணிக்கொள்ளும். தலைவலி, வாந்தி, மயக்கம் என்று உணவுக் கோளாறு போலவே தோன்றுவதால் வீட்டார் ஏமாந்துபோவதுண்டு. உறக்கத்திலேயே உயிர் பிரிந்த குடும்பங்களும் உண்டு என்று மருத்துவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

மாலைக்குள் சிறுமி தெளிந்துவிட்டாள். மற்றவர்களுக்கும் ஒன்றுமில்லை. வீடு திரும்பியபோது அம்மா அடுப்பை நீரூற்றி அணைத்துவிட்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தார். "நான்தானே மூட்டினேன்" என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மூட்டியது எங்களுக்காகத்தான். விரிசலை வண்ணத்தால் மறைத்தவர்கள் நாங்கள். இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நெடுநேரம் அருகில் அமர்ந்திருந்தோம்.

மறுநாள் செங்கோட்டையிலிருந்து வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். குற்றாலத்துப் பழைய பங்களாக்களில் சுண்ணாம்பு வேலை பார்த்தவர். அவர் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு கூண்டின் உச்சியை ஈரச்சாக்கால் மூடச் செய்தார். பிள்ளைகளை எல்லாம் தெருவுக்கு அனுப்பிவிட்டு, சன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பில் ஈரத் தேங்காய்மட்டையைப் புகைய விட்டார். சற்று நேரத்தில் உள்ளறைச் சுவரின் கறையிலிருந்து மெல்லிய நீலப் புகை நூல் நூலாக வெளிவந்தது. நாங்கள் மழைநீர் என்று பெயரிட்டிருந்த கறை எங்கள் கண்முன்னே மூச்சு விட்டது. அடுப்பு அணைந்தபின், மாடத்தினுள் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக் கைவிளக்கின் ஒளியை மேலே திருப்பி எங்களைப் பார்க்கச் சொன்னார். பாதி உயரத்திற்கு உட்பூச்சே இல்லை. செங்கற்களுக்கிடையே சாந்து அரித்துப் பல்லிடுக்குப் போல் தெரிந்தது. மேலே காக்கைக்கூட்டின் சுள்ளிகள் பாதி வழியை அடைத்திருந்தன.

"அண்ணாச்சி, சுவரு வெளிய நல்லாத்தான் இருக்கு. உள்ளதான் ஒண்ணுமில்ல. வெள்ளையடிச்சு வெள்ளையடிச்சே காலத்த ஓட்டிட்டிய" என்றார் அவர். கடிந்து சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார். இன்னொன்றையும் காட்டினார். பக்கத்து வீட்டார் சில ஆண்டுகளுக்கு முன் மாடி எடுத்திருந்தனர். எங்கள் கூண்டு இப்போது அந்தச் சுவரைவிடத் தாழ்ந்து நின்றது. கணவாய்க் காற்று அச்சுவரில் மோதித் திரும்பி எங்கள் கூண்டின் வாய்க்குள் இறங்குகிறது. பெரிய கோயிலின் கோபுர வாயிலில் காற்று ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் இழுக்கும் விந்தையை இவ்வூரார் பெருமையோடு சொல்வர். அதே காற்றுத்தான் எங்கள் வீட்டுப் புகையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

உடனே சிமெண்டு பூசி அடைத்துவிடலாமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். கொத்தனார் மறுத்தார். சிமெண்டு இறுகியது, சூட்டில் செங்கல் விரிந்து சுருங்கும்போது அதனோடு இசையாமல் வெடித்துவிடும். நாங்கள் தடவிய சிமெண்டே அதற்குச் சான்று. கடைகளில் கிடைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் குழாயை இறக்கலாம் என்றோம். நுரையீரலைக் காக்கச் செய்யும் வேலைக்கு நுரையீரலைக் கெடுக்கும் தூசுப் பொருளையா வாங்குவது என்று எங்கள் வீட்டு மருமகளே தடுத்துவிட்டார். பல நாடுகள் அதனைத் தடை செய்துள்ளன. துத்தநாகம் பூசிய தகடு விறகுப் புகையின் அமிலத்தில் அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறக்குவது மேல்நாட்டு வழக்கம்; நல்லதே, ஆனால் செலவு மிகுதி. "நம்ம மண்ணுலயே உறை சுட்டுப் போடலாம்" என்றார் கொத்தனார். எனினும் அப்போதே தொடங்க அவர் இசையவில்லை. சுண்ணாம்பு உலர வெயில் வேண்டும். சாரலும் ஐப்பசி மழையும் கழியட்டும், மாசியில் பார்க்கலாம் என்றார். அதுவரை விறகடுப்பை மூட்டுவதில்லை என்று அம்மாவிடம் உறுதி வாங்கிக்கொண்டோம்.

காத்திருந்த அந்த மாதங்களில் அடுப்பையும் புகையையும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். எங்கள் வீட்டுக் கதை எங்கள் வீட்டோடு முடியவில்லை. ஐதராபாத்தில் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எஸ்.பி. ராஜு என்பவர், ஏழை வீடுகளுக்கான புகையில்லா அடுக்களையைப் பற்றி எழுதிய நூலைச் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1953-இலேயே வெளியிட்டிருக்கிறது. நடுவண் அரசு 1983-இல் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கிக் கோடிக்கணக்கில் புகைபோக்கி அடுப்புகளை அமைத்தது. 2002-இல் அத்திட்டம் நின்றது. பிற்பாடு ஒடிசாவின் சிற்றூர்களில் எஸ்தர் டூஃப்ளோ முதலிய பொருளியல் அறிஞர்கள் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புகைபோக்கி வைத்த அடுப்பினால் முதலாண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பின்னர் அந்தப் பயன் மறைந்துபோயிற்று. அடுப்பை முறையாகப் பயன்படுத்தாததும், உடைந்ததைச் செப்பனிடாததும், குழாயைத் துப்புரவு செய்யாததும் காரணங்கள். கட்டிக் கொடுத்தவுடன் கடமை முடிந்ததென்று கருதியது நாங்கள் மட்டுமல்லர் என்று அறிந்தோம். அதில் ஆறுதல் இல்லை.

2025 மாசியில் வேலை தொடங்கியது. மூவரும் விடுப்பெடுத்துக்கொண்டு முறை வைத்து வந்தோம். தேன்பொத்தையில் மண்பாண்டம் செய்வோரிடம் முன்னதாகவே சொல்லி வைத்திருந்தோம். ஆறங்குல உள்வட்டம், ஓரடி நீளம், ஒரு முனையில் விரிந்த வாய். இப்படிப் பதினாறு சுடுமண் உறைகள். உறை என்பது எவ்வளவு பொருத்தமான சொல் என்று அப்போது வியந்தோம். கீழடியிலும் அரிக்கமேட்டிலும் மண்ணுக்கடியில் கண்டெடுத்த உறைகிணறுகளில் இதே போன்ற வளையங்களைத்தான் நம் முன்னோர் ஒன்றன்மேலொன்றாக அடுக்கியிருக்கின்றனர். அங்கே மண் சரிந்து நீரில் விழாமல் காத்தது. இங்கே புகை கசிந்து மூச்சில் விழாமல் காக்கப் போகிறது. ஒவ்வோர் உறையையும் கொத்தனார் விரலால் சுண்டிப் பார்த்தார். கணீரென்று ஒலித்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். மந்தமாக ஒலித்த இரண்டைத் திருப்பி அனுப்பினார். அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்குமாம்.

முதலில் துப்புரவு. தென்னைநார்க் கற்றையை நடுவிலே கல் வைத்துக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு மேலும் கீழுமாக இழுத்தனர். கூடை கூடையாகக் கரி விழுந்தது. வாயையும் மூக்கையும் துணியால் இறுகக் கட்டிக்கொள்ளாமல் எவரையும் அருகில் வர அவர் விடவில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஏழைச் சிறுவர்களையே புகைக்கூண்டுக்குள் ஏற்றிக் கரி சுரண்ட வைத்தனர். அப்படி வளர்ந்தவர்களின் உடலில் கரியினால் புற்றுநோய் உண்டாவதை 1775-இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எடுத்துரைத்தார். தொழிலினால் வரும் புற்றுநோயை உலகம் அறிந்தது அதுவே முதல் முறை. ஆயினும் சிறுவர்களை ஏற்றுவது உண்மையாக நின்றது 1875-இன் சட்டத்திற்குப் பிறகுதான். அறிந்ததற்கும் திருந்தியதற்கும் இடையே நூறாண்டுகள் கழிந்தன. எங்கள் அடுக்களையில் கரி அள்ளிய அன்று இதனைப் படித்துக் காட்டியபோது கொத்தனார், "தெரிஞ்சாலும் வலிக்கிறவன் வேற ஆளா இருந்தா அப்படித்தான் அண்ணாச்சி" என்றார்.

பிறகு உள்ளறைப் பக்கத்தில் மூன்றடிக்கு ஓரிடமாகச் செங்கற்களைப் பெயர்த்து வாசல் திறந்தனர். அரித்துப்போன சாந்தைச் சுரண்டி எடுத்து, நீர் தெளித்து, புதுச்சாந்து வைத்து இறுக்கினர். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கற்பொடியும் மணலுமாக மூன்று பங்கு. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்த்து அரைத்த சாந்து அது. அடுப்பை ஒட்டிய முதல் மூன்றடிக்கு மட்டும், கடும் சூட்டைத் தாங்கும் சூளைக்களிமண் கலந்துகொண்டார். உறைகளை அடுக்கும்போது நாங்கள் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். விரிந்த வாயை மேல்நோக்கி வைத்து, அடுத்த உறையின் ஒடுங்கிய முனையை அதனுள் இறக்கினார். மழைநீர்க் குழாயை ஓட்டுபவரும் இப்படித்தான் செய்வார். புகையில் ஊறும் பிசினும் உச்சியில் விழும் மழைத்துளியும் உறைக்குள்ளேயே வழிந்து கீழே வந்துவிடும். தலைகீழாக வைத்தால் ஒவ்வோர் இணைப்பிலும் வெளியே கசிந்து மீண்டும் சுவரில் ஊறும். எல்லா இணைப்புகளிலும் உள்ளே கைவிட்டு, பிதுங்கிய சாந்தை ஈரத்துணியால் வழித்துவிட்டார். யாரும் ஒருநாளும் பார்க்கப் போகாத இடம் அது. அவர் அவ்வளவு பொறுமையாக வழித்ததை நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

உறைக்கும் பழைய சுவருக்கும் இடையே இருந்த வெளியில் நெல் உமிச்சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து தளர்வாக நிரப்பினர். சாம்பல் சூட்டை வெளியே விடாது. உறை சூடாக இருந்தால் புகை குளிராது, பிசினாகப் படியவும் படியாது. கூரைக்கு மேலே கூண்டை உயர்த்தினோம். பத்தடிச் சுற்றளவில் உள்ள எதனைவிடவும் இரண்டடியேனும் உயர்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. உச்சியில் காக்கை நுழையாதபடி கம்பி வலையும், மழை இறங்காதபடி நான்கு கால்களின் மேல் கல்மூடியும் வைத்தோம். அடுப்பின் பின்புறம் கரி அள்ளுவதற்கு இரும்புக் கதவிட்ட சிறிய வாய் ஒன்று. உள்ளறையில் கார்பன் மோனாக்சைடைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்றை மாட்டினோம். என்ன கட்டினாலும் சன்னலைச் சற்றே திறந்து வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தோம்.

மூன்று வாரங்களுக்குத் தீ மூட்டக்கூடாது என்பது கொத்தனாரின் கட்டளை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரிவாயுவை வாங்கி மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது, அவசரப்படுத்தினால் வெடித்துவிடும். முதல் தீ சுள்ளித் தீயாக இருக்கட்டும். அடுத்த நாள் சற்றுப் பெரிதாக. பெரிய விறகு ஒரு வாரம் கழித்துத்தான். இன்னொன்றும் அம்மாவிடம் சொன்னார். "ஆச்சி, கூண்டு குளுந்து கிடந்தா புகை ஏறாது. மொதல்ல ஒரு கை காஞ்ச ஓலைய மேல காட்டிச் சூடு பண்ணிட்டு அப்புறம் அடுப்பு மூட்டுங்க. ஈரவிறகு கூடவே கூடாது." அம்மா தலையாட்டினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அடுப்பெரித்தவருக்கு இதுவரை எவரும் இதைச் சொல்லவில்லை; அவர் கேட்கும்படியான புகைக்கூண்டை எவரும் கொடுக்கவுமில்லை.

அந்த மே மாதம் 8-ஆம் நாள் இரவு, இந்திய நேரம் ஒன்பதரை மணி கடந்தபோது, உரோமையில் சிஸ்டைன் ஆலயக் கூரையின் புகைக்கூண்டிலிருந்து வெண்புகை எழுந்ததைத் தென்காசி வீட்டுத் தொலைக்காட்சியில் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் அது. உலகமே ஒரு புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்தது. அங்கே வாக்குச் சீட்டுகளை எரிக்கும் இரும்பு அடுப்பு 1939 முதல் பயன்பட்டு வருகிறது. புகையின் நிறம் தெளிவாகத் தெரிவதற்கு இரண்டாவது அடுப்பு ஒன்றும் உண்டு. புகை தடையின்றி மேலேறும் பொருட்டுக் குழாயை மின்கம்பிகளால் முன்னதாகவே சூடாக்குகின்றனர். துணைக்கு ஒரு விசிறியும் வைத்திருக்கின்றனர். இதனைத் தொலைபேசியில் அம்மாவுக்குச் சொன்னோம். "அங்கயும் காஞ்ச ஓலை காட்டித்தான் மூட்டுறாவளா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் முடிந்தது. தொலைபேசியின் மறுமுனையில் நாங்கள் அமைதியானோம்.

ஏனெனில் அதற்குள் நுரையீரல் மருத்துவரிடம் அம்மாவை அழைத்துச் சென்று வந்திருந்தோம். அவர் ஊதச் சொல்லி அளந்து பார்த்தார். "அம்மா புகைபிடிப்பவர் அல்லவே" என்று நாங்கள் சொன்னதற்கு, "அடுப்படியில் நிற்பவர்கள் எல்லாரும் புகைபிடிப்பவர்கள்தாம்" என்றார். சுருங்கிய மூச்சுக்குழல்கள் பழைய நிலைக்குத் திரும்பா. இனி மேலும் கெடாமல் காக்கலாம், அவ்வளவே. வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலிலும், சமையலுக்கும் குளிர்காய்வதற்கும் எரிக்கும் பொருள்களின் புகையால் ஏழைகள் நோயுறுவதைப் பற்றிய குறிப்பு உண்டு. அம்மடல் வெளிவந்த ஆண்டில் அதைப் பற்றிப் பங்கில் நடந்த கூட்டத்திற்குச் சென்று, காடழிப்பைப் பற்றியும் பனிமலை உருகுவதைப் பற்றியும் பேசிவிட்டு வந்தோம். அடுக்களையைப் பற்றி எவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

2025 ஆடியில் மீண்டும் கூடினோம். அம்மா காய்ந்த ஓலையைக் கொளுத்தி மாடத்தினுள் காட்டினார். ஒரு நொடியில் தீ மேல்நோக்கி வளைந்தது. அடுப்பு மூண்டதும் புகை ஒரு திரி கூட அடுக்களைக்குள் திரும்பவில்லை. நாங்கள் முற்றத்தில் நின்று கூண்டின் உச்சியைப் பார்த்தோம். சாரலுக்கு இடையே வெளுத்த புகை நேராக எழுந்து, பிறகு காற்றோடு கிழக்கே சாய்ந்து போயிற்று. உள்ளறைச் சுவருக்கு முந்தின டிசம்பரில் வெள்ளையடிக்கவில்லை. மாசியில் திறந்து மூடிய இடங்களிலும் பூச்சுப் பூச்சாகவே விட்டுவைத்தோம். கறை இருந்த இடத்தை இந்தச் சாரல் முழுவதும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். திட்டுத் திட்டாக, பார்வைக்கு நன்றாயிராத சுவர். ஆனால் ஈரமில்லை, கசிவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு புதிய ஒழுங்குகள் உண்டு. சாரலில் எல்லாரும் அருவிக்குப் போகும் நாளில் எங்களில் ஒருவர் போவதில்லை. அடுப்படியில் அவர் நிற்க, அம்மா திண்ணையில் உட்கார்ந்து வேலை ஏவுகிறார். மற்றொன்று, மாசிதோறும் ஒருவர் வந்து கூண்டைத் துப்புரவு செய்ய வேண்டும். மாசியில் அருவிகள் மெலிந்திருக்கும், குற்றாலம் வெறிச்சோடியிருக்கும், வருவதற்கு வேறு காரணம் எதுவும் இராது. முதல் முறை யாருடையது என்று அம்மா நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறார். தென்னைநார்க் கற்றையும் கயிறும் பரணில் இருக்கின்றன.